காகம் தொடாத படையல்

ஆடி அமாவாசைக்குக் கோடியக்கரை போனால் காகத்துக்கா பஞ்சம் என்று நினைத்திருந்தேன். போன வருஷம் அந்த நினைப்பில் மண் விழுந்தது. காரைக்காலிலிருந்து விடியலில் வேன் பிடித்துப் போய், கடலில் முழுகி, என் வீட்டுக்காரர் தன் தம்பிக்குத் திதி கொடுத்து முடிக்கையில் வெயில் ஏறிவிட்டது. அத்தை, அதாவது என் மாமியார், மணலில் இலை போட்டுச் சோறு வைத்துத் தொண்டை வறளக் கூப்பிட்டார். ஒரு காகமும் இறங்கவில்லை. கரை நெடுக ஊர்ப்பட்ட இலை. காகத்துக்கும் வயிறு ஒன்றுதானே!

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அத்தைக்குச் சர்க்கரை. காலையில் மாத்திரை போட்டதோடு சரி.

"ஒரு வாய் சாப்பிடுங்க அத்தை. மயக்கம் வந்துடும்."

"பசியோட கடலுக்குப் போனான்டி. அவன் சாப்பிடாம எனக்கு எறங்குமா?"

கொழுந்தனார் அன்று பழைய சோற்றைக்கூடத் தொடாமல் படகேறியவர். திரும்பி வரவே இல்லை. 

கூட்டமில்லாத இடத்தில் காகம் வரும் என்று அத்தை இலையை ஏந்திக்கொண்டு மான் சரணாலயப் பக்கம் விறுவிறுவென்று நடந்தார். முணுமுணுத்துக்கொண்டே பின்னால் ஓடினேன். சோற்று வாசனைக்கு எங்கள் பின்னாலேயே தெருநாய்களும் வந்தன. உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவே மிஞ்சிய சின்னக் காடு அது. புதர் முடிந்து புல்வெளி தொடங்குமிடத்தில் காட்டுக் காவலர் மறித்தார்.

"இங்க சோறு வைக்காதீங்கம்மா, நாய் வந்துரும். வெளிமான் குட்டி போட்டிருக்கு. நம்ம பக்கம் இத விட்டா அதுக்கு வேற காடு ஏது?"

"காக்கா ஒரு வாய் தொட்டா போதும்யா. மிச்சத்த நானே அள்ளிட்டுப் போயிடுறேன்."

அவர் பதில் சொல்வதற்குள் நாய்கள் எங்களைத் தாண்டிவிட்டன. புல்லுக்குள்ளிருந்து பெண்மான் ஒன்று தலைதூக்கியது. காலடியில் குட்டி, நிற்கவே தடுமாறியது. தாய் அதை விட்டு ஓடவும் மாட்டாமல் சுற்றிச் சுற்றி வந்தது. காவலர் கம்பை ஓங்கிக் கத்தினார். நாய்கள் சட்டை செய்யவில்லை. 

"தோ, தோ! இந்தா, இந்தா!"

அத்தைதான். இலையை அப்படியே மண்ணில் கவிழ்த்தார். சோறு, வடை, பாயசம் எல்லாம் தரையில். நாய்கள் திரும்பி ஓடிவந்து முட்டி மோதித் தின்றன. அதற்குள் காவலர் குறுக்கே போய் நின்றுகொண்டார். தாய்மான் குட்டியைப் புதருக்குள் கூட்டிப்போய்விட்டது.

அத்தை நாய்கள் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். சர்க்கரை இறங்கிவிடுமோ என்று எனக்குப் பயம். பிடித்து உட்காரவைத்து, பையிலிருந்த பிஸ்கட்டை நீட்டினேன். மாட்டேன் என்று சொல்லவில்லை. வாங்கிக் கடித்தவர், விழுங்க முடியாமல் என்னைப் பார்த்தார்.

"இன்னைக்கும் எம்புள்ளையப் பட்டினியாவே அனுப்பிட்டேனேடி."