கால்வாசி உயிர்

என் சின்னத் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்தவர். எதிர்வீட்டுத் தாத்தாவும் அப்படியே. ஒரே நாளில் பட்டாளத்துக்குப் பெயர் கொடுத்து, இந்தோசீனச் சண்டையில் ஒரே குழிக்குள் பதுங்கியிருந்தவர்கள். பென்ஷன் மட்டும் ஒன்றாக இல்லை. காரைக்கால் இந்தியாவோடு சேர்ந்தபோது எதிர்வீட்டுத் தாத்தா பிரெஞ்சுக் குடிமகனாகவே இருந்துகொள்வதாகக் கையெழுத்துப் போட்டார், இவர் போடவில்லை. அதனால் அவருக்கு முழுப் பென்ஷன், இவருக்குக் கால்வாசி. இவர் பிரெஞ்சு அரசாங்கத்துக்கு எழுதிய மனுக்களை எடைக்குப் போட்டிருந்தால் ஒரு கறவை மாடு வாங்கியிருக்கலாம் என்பாள் அம்மா.

ஆள் இருக்கிறாரா, போய்விட்டாரா என்று வருஷத்துக்கு ஒருமுறை பென்ஷன் அலுவலகத்திலிருந்து தாள் வரும். உயிரோடு இருப்பதாக எழுதி அனுப்ப வேண்டும். எனக்கு எட்டு வயதான வருஷம் சின்னத் தாத்தா அதில், முத்து முத்தான பிரெஞ்சு எழுத்தில், "கால்வாசி உயிரோடு இருக்கிறேன்" என்று எழுதி அனுப்பிவிட்டார்.

"கால்வாசி குடுக்குறவனுக்கு முழு உசுரு எதுக்குங்கிறேன்?"

அடுத்த மாதமே அந்தக் கால்வாசியும் நின்றது. "வேற தாள் வாங்கி ஒழுங்கா எழுதிக் குடுத்துடுங்க சித்தப்பா" என்று அப்பா கெஞ்சினார். அவர் அசையவில்லை. ரத்தக்கொதிப்பு மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கிக்கொண்டார்.

பிரெஞ்சுத் தேசிய நாளான ஜூலை பதினாலாம் தேதி கோட்டில் மெடல்களைக் குத்திக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு போர் நினைவுத் தூணுக்குப் போனார். புதுச்சேரி பிரெஞ்சுத் தூதரகத்திலிருந்து வந்த அதிகாரி, "அதான் உயிரோட இருக்கீங்களே, எழுதிக் குடுத்தா என்னங்க?" என்றார்.

"கண்ணால பாத்துட்டீங்கல்ல, நீங்களே எழுதுங்க" என்று விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். அதிகாரி சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கடைசியில், சண்டை போட்ட எல்லோருக்கும் இனி ஒரே பென்ஷன் என்று உத்தரவு வந்தது. சின்னத் தாத்தா எழுதிய தாளைப் படித்துத்தான் அரசாங்கம் பயந்துவிட்டது என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

சேதியை எதிர்வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னவளும் நான்தான். அந்தத் தாத்தா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். தனக்குச் சமமாகச் சின்னத் தாத்தாவும் வாங்கப்போவது அவருக்குப் பொறுக்கவில்லை என்று அம்மாவிடம் வந்து சொன்னேன். நறுக்கென்று ஒரு குட்டு விழுந்தது.

அத்தனை வருஷமும் பென்ஷன் வாங்கிவரும் நாளில் மட்டும் எதிர்வீட்டுத் தாத்தா எங்கள் வாசல் வழியாக வரமாட்டார். கொல்லைப்புறச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார். சந்தில் நிழல் அதிகம், அதற்காகத்தான் என்று நினைத்திருந்தேன்.