பரணில் மிஞ்சிய இரண்டு கண்ணாடிக்கல்

கண்ணாடியால் சுவர் கட்டப் போகிறேன் என்று அப்பா சொன்னபோது நான் நம்பவில்லை. கண்ணாடி என்றால் முகம் பார்ப்பது, கை தவறினால் உடைவது. அதில் சுவரா?

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். இன்றைக்குக் கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் யார் வீடு கட்டினாலும் தரைக்கல்லுக்கும், கிளாஸ் புளொக் என்கிற கண்ணாடிக்கல்லுக்கும் என் கடைப்படி ஏறித்தான் ஆக வேண்டும். படித்த இஞ்சினியர்மாரே என்னிடம் அளவு கேட்டுப் போகிறார்கள். அந்தப் படிப்பு அம்மா சோறாக்கும் எங்கள் குசினியில் தொடங்கியது.

குசினிக்கு ஒரே ஒரு பலகைச் சன்னல். அதன் கீழே ஆற்றுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை. அம்மாவின் அண்ணன், என் மாமா, காலையில் வேலைக்குப் போகும்போது அங்கே நின்று இருமுவார். அம்மா கடதாசியில் சுற்றிய ரொட்டியை நீட்டி இரண்டு வார்த்தை பேசுவாள். கோயில் தேரில் யார் முதலில் வடம் பிடிப்பது என்று அப்பாவும் மாமாவும் அடித்துக்கொண்ட பிறகு மாமா எங்கள் வாசலை மிதித்ததில்லை. அம்மா மாமா வீட்டுக்குப் போகவும் கூடாது. அண்ணனும் தங்கையும் முகம் பார்க்க மிஞ்சியது அந்தச் சன்னல்தான்.

அதே சன்னலால் குரங்குகளும் வந்தன. ஒருநாள் தடியன் ஒன்று சோற்றுப் பானையையே உருட்டிவிட்டது. அந்த நேரம் ஹந்தானை மலையில் பழைய பங்களா ஒன்றை இடித்தார்கள். வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத காலம். அப்பா அங்கிருந்து செங்கல் போலத் தடித்த பதினான்கு கண்ணாடிக்கற்களைச் சாக்கில் சுமந்து வந்தார்.

"இனி வெளிச்சம் மட்டுந்தான் வரும், குரங்கு வராது."

"கம்பி வலை அடிச்சாப் பத்தாதாங்க?" அம்மா சன்னல் பலகையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அதையும் பிச்சு எறிஞ்சிரும். சும்மா இரு."

கடையில் எடை போடுகிற அப்பா அதுவரை மேசன் கரண்டியைத் தொட்டதில்லை. தரையில் கற்களை நெருக்கி அடுக்கினார்: நான்கு நான்காக மூன்று வரி. அதைச் சுற்றிக் கரியால் கோடு போட்டு, சன்னலைப் பிடுங்கிவிட்டு அந்த அளவுக்கே சுவரை வெட்டக் கிளம்பினார்.

"அப்ப சீமெந்து எங்கப்பா நிக்கும்?" என்று கேட்டது நான். ஒன்பது வயது எனக்கு! அப்பா வாயைப் பிளந்தார். கல்லுக்குக் கல் என் சுண்டுவிரல் அகலம் விட்டு மறுபடி கோடு போட்டார். உடைந்தால் மாற்றுவதற்கு மீதி இரண்டு கல்லைப் பரணில் ஏற்றச் சொன்னதும் நான்தான்.

ஒன்றில் மட்டும் நானும் கோட்டைவிட்டேன். செங்கல்லை நனைத்துத்தானே கட்டுவார்கள்? நாங்கள் கண்ணாடிக்கல்லையும் பீப்பாயில் ஊறப்போட்டோம். செங்கல் தண்ணீர் குடிக்கும், கண்ணாடி குடிக்குமா? மூன்றாம் வரி ஏறியதும் சுவர் முழுக்க வழுக்கி, கீழே கிடந்த சாக்குகள்மேல் குந்தியது. ஒரு கல்கூட உடையவில்லை. பிறகு கற்களைத் துடைத்து, காயவைத்து, நாளுக்கு ஒரு வரியாக ஏற்றினோம்.

நான்காம் நாள் குசினிக்குள் பச்சை வெளிச்சம். நான் ஆடினேன். வெளியே இருமல் கேட்டது. மாமா கல்லுக்கு அப்பால் வெறும் கலங்கலாகத் தெரிந்தார். அம்மா ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கல்லைத் தடவினாள். கலங்கல் நகர்ந்து போனது. மூன்று நாள் இப்படி. அதற்கடுத்த நாள் இருமல் இல்லை.

மறுநாள் காலை 'டப்' என்று வெடித்தது. ஓடினேன். அம்மா அம்மிக்குழவியோடு நின்றாள். கீழ்வரியின் மூலைக்கல் நொறுங்கி ஓட்டையாகியிருந்தது. அவள் விரலில் ரத்தம். சத்தம் போட்டுக்கூடப் பேசாத என் அம்மா!

அப்பா வந்தார். ஓட்டையைப் பார்த்தார். குழவியைப் பார்த்தார். அந்த ரத்தத்தை வெகுநேரம் பார்த்தார்.

"குரங்கா?"

"ஆமாங்க." அம்மா குழவியைக் கீழே வைக்கவில்லை.

"இல்லப்பா, அம்மாதான்..."

"வாய மூடு புள்ள. குரங்குன்னா குரங்குதான்." அப்பா என்னை அதட்டினார்.

"பரண்ல ரெண்டு கல்லு இருக்கே, எடுத்தாரவா?"

அன்று மாலை அப்பா ஓட்டையின் விளிம்பைச் சீமெந்தால் மெழுகி, ஒரு சாண் பலகைக்குக் கீல் வைத்துக் கதவு மாட்டினார். கொண்டி உள்பக்கம். பாதைப் பக்கம் திறக்கிற கதவு.

இரண்டொரு நாளில் வெளியே இருமல் கேட்டது. குசினியில் கொண்டி கழலும் சத்தம். முன்னறையில் பால் விடாத பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்த அப்பா எழுந்து ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார். ரொட்டி கைமாறும் வரை கூட்டியே வைத்திருந்தார். பிறகு தினமும் அப்படித்தான்.

அப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டது என்று நினைத்தேன். பத்திரமாக இரண்டு கல் பரணில் இருக்க, பலகையை அடித்து அழகான சுவரைக் கெடுத்த ஆள் என்ன மேசன் என்று பல நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.