கோவணம் கட்டிய போலீஸ்

தண்ணீருக்கு அடியில் வேலை பார்ப்பவனுக்கு உள்ள ஒரே வசதி, கீழே இருக்கும்வரை யாரும் அவனைத் திட்ட முடியாது என்பதுதான். நீச்சல் தெரியும் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு, அக்கம்பக்கத்துக் கிணற்றில் விழுந்த வாளிக்கெல்லாம் பொறுப்பாளியான அன்பர்களுக்கு நான் சொல்வது புரியும். நான் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிறவன். என் சிநேகிதன் முனுசாமி பட்டுக்குச் சாயம் போடுகிறவன். அறுபதுகளின் கடைசியில் எங்களுக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம், தெருக்கோடிக் குளத்தில் குதித்து அடிமண் எடுத்து வருவதும், யாருக்கு மூச்சு அதிகம் என்று சண்டை போடுவதும்தான். அந்தப் பழக்கம் எங்களைப் போலீசுக்குச் சம்பளமில்லாத ஆட்கள் ஆக்கியது. கடைசியில் முனுசாமியையே ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தது.

ஆள் எடுத்த விதம்

ஒருநாள் ஏட்டய்யா சைக்கிளில் வந்து வாசலில் இறங்கினார். தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்திருந்த நான், செய்யாத குற்றங்களையெல்லாம் ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். விஷயம் வேறு. கிணற்றில் யாரோ திருட்டு அண்டாவைப் போட்டுவிட்டானாம், எடுத்துத் தர வேண்டுமாம். ஸ்டேஷனில் பத்துப் பேர் இருந்தும் ஒருவருக்கும் நீந்தத் தெரியாது.

முனுசாமியைக் கேட்டேன். அவனுக்குக் குஷி. ஆனால் தறி ஓடும் நாளில் நான் எழுந்திருக்க முடியாதே. எங்களுக்கு லீவு அமாவாசை அன்றுதான், அதற்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது என்று பணிவாகச் சொன்னேன். ஏட்டய்யா தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார்.

"ஏம்பா, திருடன்கிட்ட சொல்லி அமாவாசைக்கு முந்தின நாளா பாத்து கெணத்துல போடச் சொல்லட்டுமா?"

பளபளத்த கத்தி

பக்கத்து ஊரான கூரத்தில் வரப்புத் தகராறில் ஒருத்தன் இன்னொருத்தன் கையைக் கிழித்துவிட்டுக் கத்தியைக் கிணற்றில் எறிந்திருந்தான். மூன்றாவது முங்கில் கிடைத்தது. பாசி, சேறு, துரு. முதலாளியிடம் புடவை ஒப்படைக்கும்போது ஒரு தூசி இருந்தாலும் வாங்கிக் கட்டிக்கொள்கிற சாதி நாங்கள். இப்படி அழுக்காகவா ஒரு சப்-இன்ஸ்பெக்டர் கையில் கொடுப்பது?

முனுசாமி புளி வாங்கி வந்தான். நான் செங்கல் பொடித்தேன். இரண்டு பேரும் கிணற்றடியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் தேய்த்து, நிழலில் காயவைத்து, வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய் நீட்டினோம். சப்-இன்ஸ்பெக்டர் அதில் தன் மீசையைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"சாட்சி கொண்டாங்கய்யான்னா, சீர்வரிசை கொண்டாந்திருக்கீங்க."

காலில் பட்ட மூட்டை

அடுத்த ஆடிக்குள் முனுசாமி லாக்கப்பில் இருந்தான். ஒரு ஜவுளிக்கடை முதலாளி, கல்யாணத்துக்கு வைத்திருந்த ஆறு பட்டுப்புடவை காணோம் என்று புகார் கொடுத்திருந்தார். அந்தப் பட்டுக்குச் சாயம் போட்டவன் முனுசாமி. கடைக்குப் போய் வருகிறவன். விடியற்காலையில் அவன் மூட்டையோடு குளத்துக்குப் போனதைப் பார்த்த ஆளும் இருந்தான். சாயம் தோய்த்த பட்டை அலச அவன் தினமும்தான் மூட்டையோடு குளத்துக்குப் போவான். யார் கேட்டார்கள்? புடவை குளத்தில் கிடைத்தால் அவனுக்கு ஜெயில்.

ஊரில் மூழ்கத் தெரிந்த இரண்டு பேரில் ஒருவன் விலங்கோடு படித்துறையில் நின்றான். மிச்சம் நான். அவன் பெண்சாதி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு நின்றாள். முதல் முங்கிலேயே சாக்குமூட்டை காலில் பட்டது. அதை அப்படியே விட்டுவிட்டேன். மேலே வந்து "ஒண்ணும் இல்லைங்க" என்றேன். மறுபடி மூழ்கச் சொன்னார்கள். அதையே தொட்டுவிட்டு வந்து அதையே சொன்னேன். மூன்றாம் தடவை நான் இறங்குமுன் முனுசாமி என் பெயரைச் சொல்லிக் குரல் கொடுத்தான்.

"ஏகா, இருந்தா எட்தாந்து குட்துடுபா. நான் ஒண்ணியும் போடல."

ஆறு புடவை, ஒரே நிறம்

எடுத்து வந்து போட்டேன். அவிழ்த்தார்கள். அரக்கும் பச்சையும் மஞ்சளும் ஒன்றுக்குள் ஒன்று இறங்கி, ஆறு புடவையும் அழுகிய கத்திரிக்காய் நிறத்தில் இருந்தன. படிக்கட்டெல்லாம் சாயத்தண்ணீர் ஓடியது. முதலாளி முன்னால் வந்து, "என் புடவைதான் சார், இவன் சாயம்தான்" என்றார்.

கூட்டத்தில் ஐயம்பேட்டை விவசாயி ஒருவர் நின்றிருந்தார். காணாமல் போன அந்தப் புடவைகளுக்குச் சொல்லிவைத்திருந்தவர், கல்யாணப் பெண்ணின் அப்பா. ஒரு புடவையை எடுத்துப் பிழிந்தார். "இதையா மொதலாளி எம் பொண்ணுக்கு முகூர்த்தத்துக்குக் குடுக்க இருந்தீங்க?" என்றார். கூட்டத்தில் பாதிப் பேர் அந்தக் கடையில் பட்டு எடுத்தவர்கள். ஒரு கிழவி, தன் மருமகள் புடவையும் அங்கே எடுத்ததுதான் என்று சத்தமாகச் சொன்னாள். முதலாளிக்கு முகம் வெளுத்தது. முனுசாமியை உள்ளே தள்ள வந்தோம் என்பதே அவருக்கு மறந்துபோயிற்று.

"யாரப் பாத்து சொல்ற? என் கடைப் பட்டு பத்து வருஷம் தண்ணியில கெடந்தாலும் சாயம் எறங்காது. இது என் சரக்கே இல்ல, எழுதிக்கோங்க சார்."

சப்-இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். புடவை அவருடையது இல்லையென்றால் முனுசாமி மேல் கேஸும் இல்லை. மட்டமான சரக்கைக் குளத்தில் போட்டுவிட்டு, நல்ல ஆறையும் வேறொரு பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கு அதிக விலைக்குத் தள்ளிவிட்டார் முதலாளி என்பது அந்த வாரமே வெளியே வந்தது.

முனுசாமி கேட்டது

அன்று மாலையே விட்டுவிட்டார்கள். இரண்டு பேரும் நடந்தே வீட்டுக்கு வந்தோம். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, உள்ளுக்குள் குறுகுறுப்பாகவும் இருந்தது. தெருமுனையில் முனுசாமி நின்றான். நான் முழுகி எவ்வளவு நேரம் இருப்பேன் என்பது என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும்.

"ரெண்டு தபாவும் மூச்சு முட்டாமயே மேல வந்துட்ட. மூட்டை ஆப்ட்டுச்சு, நான்தான் எட்த்தேன்னு நெனச்சிக்கினு மறைச்ச. அது பரவால்லபா, சிநேகிதன். ஆனா அந்தச் சாயத்த நான் போட்டிருப்பேன்னு நெனச்சியா? அத்த மட்டும் சொல்லு."

கிணற்றிலிருந்தும் குளத்திலிருந்தும் சர்க்காருக்கு எத்தனையோ சாமான் எடுத்துக் கொடுத்த நான், அந்த ஒரு பதிலை மட்டும் இன்றுவரை வெளியே எடுக்காமல், "அமாவாசைக்குப் பேசிக்கலாம்பா" என்றே காலத்தை ஓட்டிவருகிறேன்.