வாய்க்கால் பாதையில் இரண்டு சைக்கிள்

என் வீட்டுக்காரர் தன் சைக்கிளை எடைக்குப் போட்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. சுருளிப்பட்டியில் அவர் வீட்டு வாசலில் பழைய இரும்புக்காரர் வந்து நின்றார். பின்னால் பெரிய கேரியர் வைத்த கனமான சைக்கிள் அது. பதினோரு வருஷம், காலையும் மாலையும், இரண்டு பக்கமும் பால் கேனைத் தொங்கவிட்டுக்கொண்டு அதில்தான் அவர் கம்பத்துக்குப் போய் வந்திருக்கிறார். அதற்கு முந்தைய வாரம் ஒரு மொபெட் வாங்கியிருந்தார். சைக்கிளைத் தூக்கி வண்டியில் போடும்போது, வீட்டோடு கிடக்கட்டுமே என்று நான் மெதுவாகச் சொன்னேன். "இனி இந்த ஜென்மத்துல நான் மிதிக்கிறதா இல்ல" என்றார். அதில் கோபம் இல்லை. பல நாள் காய்ச்சல் விட்டவர் முகம் போல அவர் முகம் தெளிந்திருந்தது.

எனக்கு அது புரியவில்லை. நான் அனுமந்தன்பட்டிக்காரி. என் அண்ணன்கள் உத்தமபாளையம் பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் போவார்கள். நான் அதே பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு போவேன். பொம்பளைப் பிள்ளை சைக்கிள் மிதிப்பது அப்பாவுக்குப் பிடிக்காது, அவ்வளவுதான். பஸ் ஜன்னல் வழியே என் அண்ணன்கள் கையை விட்டுவிட்டு ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டே ஐந்து வருஷம் போனேன். அவர் தலைமுழுகிய பொருள் எனக்குக் கிடைக்காமலே போன பொருள். இதை அவரிடம் சொல்ல எனக்கு இருபது வருஷத்துக்கு மேல் ஆனது.

பிறகு அவர் உத்தமபாளையத்தில் உரக்கடை வைத்தார். நாங்கள் என் ஊருக்கே குடிவந்தோம். பக்கத்துக் கிராமத்தில் எனக்குப் பால்வாடி டீச்சர் வேலை கிடைத்தது. எங்கள் ஒரே மகள் பன்னிரண்டாவது முடித்து கோயம்புத்தூர் கல்லூரிக்குக் கிளம்பினாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கொடுத்த சைக்கிள் வீட்டில் தங்கிவிட்டது. அவள் கிளம்புவதற்கு முந்தைய லீவில் வாய்க்கால் கரையில் என்னை உட்காரவைத்துப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. இரண்டு தடவை விழுந்தேன், ஒரு தடவை கரையிலிருந்து நெல்வயலுக்குள்ளேயே. எட்டாம் நாள் அவள் கையை விட்டது தெரியாமல் நான் பாலம் வரைக்கும் போய்விட்டேன். திரும்பிப் பார்த்தால் அவள் தூரத்தில் இடுப்பில் கைவைத்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள்.

அன்றிலிருந்து பால்வாடிக்கு சைக்கிள்தான். அவருக்கு இது தலைகுனிவாக இருந்தது. உரக்கடைக்காரர் வீட்டில் சைக்கிள் மிதிக்கிறார்கள் என்று ஊரில் பேசுவதாகச் சொன்னார். யார் பேசுகிறார்கள் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். அடுத்த வருஷம் அவருக்கு சர்க்கரை என்று தெரியவந்தது. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். நாலு நாள் நடந்துவிட்டு விட்டுவிட்டார். விடிந்ததும் நான் வாய்க்கால் பாதையில் ஒரு சுற்றுப் போய்வருவேன், அவரையும் என்னோடு சைக்கிளில் வரச் சொல்லி ஆரம்பித்தேன். நல்லவிதமாகச் சொன்னேன், மகளைவிட்டு போனில் சொல்ல வைத்தேன், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தேன். காலை உணவை வெறும் கஞ்சியாக்கிக்கூடப் பார்த்தேன். கஞ்சியைக் குடித்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விடுவார். ஏறினால் பழையபடி பால்காரன் ஆகிவிடுவோம் என்று பயப்படுகிறீர்களா என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையைக் கழுவிவிட்டு எழுந்துபோனார். அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது.

ஆடி மாதத்தில் ஒரு காலை வாய்க்கால் பாதையில் தனியாகப் போயிருந்தேன். மேற்கே மலைக் கணவாயிலிருந்து வரும் காற்று எதிரில் நிற்கும் ஆளைத் தள்ளும். அதை எதிர்த்து மிதித்ததில் என் சைக்கிள் செயின் கழன்று பல்சக்கரத்துக்கும் கம்பிக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. தள்ளிக்கொண்டே வந்ததில் நேரமாகிவிட்டது. தேடிக்கொண்டு அவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ வெள்ளை வேட்டியோடு மண்ணில் மண்டியிட்டார். ஒரு குச்சியை ஒடித்துச் செயினுக்கு அடியில் கொடுத்து, பெடலைப் பின்பக்கமாக ஒரு சுற்று சுற்றினார். செயின் தானாகப் போய் உட்கார்ந்துகொண்டது. சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஏறி ஒரு இருபது அடி போனார், திரும்பி வந்தார். கை இரண்டும் கறுப்பாக இருந்தன. வாய்க்கால் தண்ணீரில் மண்ணைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினார்.

பால்காரன் என்பதில் தனக்கு வெட்கமே கிடையாது என்றார். ஆனால் அந்தப் பதினோரு வருஷத்தில் ஒருநாள்கூட அவர் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததில்லை. வெயில் ஏறினால் பால் கெட்டுவிடும். அதனால் எப்போதும் பிந்திவிட்டோம், பிந்திவிட்டோம் என்றே மிதித்திருக்கிறார். அவருடைய அப்பா இறந்து மூன்றாம் நாள்கூட மிதித்திருக்கிறார். அன்றைக்குக் கேன் சரிந்து ரோட்டில் பால் முழுவதும் கொட்டிவிட்டது. "அங்கனயே உக்காந்து அழுதேன். அப்பனுக்கு அழுகுறேனா பாலுக்கு அழுகுறேனான்னு எனக்கே தெரியல. சைக்கிள்ல ஏறுனா அந்த அவசரம் நெஞ்சுக்குள்ள வந்துருது" என்றார்.

பஸ் ஜன்னல் கதையை அன்றுதான் நான் அவரிடம் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பத்து நாள் கழித்து வீட்டு வாசலில் இன்னொரு சைக்கிள் நின்றது. கேரியர் இல்லாதது. அதைக் கழற்றிவிட்டுத்தான் கொண்டுவந்திருந்தார்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் சொச்சம். என் வாழ்க்கையில் எதையாவது திரும்பத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அந்தக் காலைகளைத்தான் கேட்பேன். ஐந்தரைக்குக் கிளம்புவோம். ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகும் ஜீப்புகள் எங்களைத் தாண்டும். அவை போனபிறகு வாய்க்கால் பாதைக்குள் இறங்கினால் தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். ஒருபக்கம் திராட்சைப் பந்தல், இன்னொரு பக்கம் நாற்று. முதல் மாதம் அவர் தன்னையறியாமல் வேகம் பிடித்துவிடுவார். நான் மணியடிப்பேன். காலை ஊன்றி நின்று, "பழக்கதோஷம்" என்பார். போகப்போக வேகம் குறைந்தது. ஒருநாள் மேகம் விலகி மேற்கு மலை முழுவதும் தெரிந்தது. சைக்கிளை நிறுத்திவிட்டு வெகுநேரம் பார்த்தார். "ஏ புள்ள, இந்த மலை இங்கனயேதான் இருந்துச்சா?" என்றார். பிறந்து வளர்ந்த மனுஷர் கேட்கிற கேள்வியா இது என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

போன வருஷம் கார்த்திகையில் என் இடது கால் மரத்துப்போக ஆரம்பித்தது. தேனியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் முதுகெலும்பில் தட்டு விலகியிருந்தது. சைக்கிள் கூடாது, குண்டும் குழியுமான ரோட்டில் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காரவும் கூடாது என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் அவர் தன் சைக்கிளையும் என் சைக்கிள் பக்கத்தில் சாய்த்துப் பூட்டிவிட்டார். "நீ வராம எனக்கு எதுக்கு?" என்றார்.

ஒரு மாதத்தில் அவருக்கு சர்க்கரை ஏறியது. மறுபடியும் அவரை சைக்கிளில் ஏற்ற வேண்டிய வேலை எனக்கு வந்தது. முதல் தடவை என் ஆசைக்காகக் கெஞ்சினேன். இந்தத் தடவை நெஞ்சு முழுக்கப் போகாதீர்கள் என்று இருக்க, வாய் மட்டும் போகச் சொன்னது. சண்டை போட்டு அனுப்பினேன். முதல் நாள் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தார். மறுநாள் பாலம். பிறகு அவருக்கே அது பிடித்துப்போயிற்று. உத்தமபாளையத்தில் சைக்கிள் ஓட்டும் கூட்டாளிகள் கிடைத்தார்கள். சின்னமனூர் போனார், கம்பம் போனார், ஒரு ஞாயிற்றுக்கிழமை கடமலைக்குண்டு வரைக்கும் போய்விட்டு மத்தியானம் வந்தார். முகத்தில் உப்புப் பூத்து, வாயெல்லாம் சிரிப்பாக, வருஷநாட்டு மலையடிவாரத்தில் பார்த்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். நான் இடுப்பில் பெல்ட்டோடு கட்டிலில் கிடந்தேன். அந்த நோயைவிட அந்தச் சிரிப்பு எனக்கு அதிகமாக வலித்தது. "இனிமே எங்கிட்ட வந்து இதெல்லாம் சொல்லாதீக" என்றேன்.

அவர் சொல்வதை நிறுத்திக்கொண்டார். காலையில் சத்தமில்லாமல் கேட்டைத் திறந்து போவார். வந்ததும் குளித்துவிட்டு, எனக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, சமையலுக்குக் காய் நறுக்கி வைத்துவிட்டுக் கடைக்குப் போவார். ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் எந்த வயலில் நடவு முடிந்தது, எந்தப் பந்தலில் பழம் வெட்டுகிறார்கள், வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று எதுவுமே எனக்குத் தெரியாமல் போனது. ஒரு மைல் தூரத்தில் இருக்கிற பாதை எனக்கு வெளிநாடாகிவிட்டது. ஏறக்குறைய இரண்டு மாதம் இப்படியே ஓடியது. வீம்பு என்னுடையது, அதை நான்தான் இறக்கிவைக்க வேண்டும்.

ஆனி மாதம், அணை திறந்து வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துவிட்டதாகப் பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள். அன்று அவர் திரும்பி வந்து சைக்கிளைச் சாய்த்ததும், எங்கே வரைக்கும் போனீர்கள் என்று கேட்டேன். அவர் ஒரு நாற்காலியை இழுத்துக் கட்டில் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். தெருமுனையிலிருந்து ஆரம்பித்தார். ஜீப்பில் போன பெண்கள் என்னைக் கேட்டதாகச் சொன்னார். புதுத் தண்ணீர் கலங்கலாக, குப்பை செத்தையைத் தள்ளிக்கொண்டு வந்ததைச் சொன்னார். நான் கண்ணை மூடிக்கொண்டு கூடவே போனேன். பாதி வழியில், வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மதகு வந்தது.

"அங்கன இறங்கிக் கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்தேன்" என்றார்.

"எதுக்கு நின்னீக?"

"நீ அங்கனதான மூச்சு வாங்க நிப்ப. காலு தானா நின்னுருது."

தனியாகப் போகத் தொடங்கிய முதல் நாளிலிருந்தே அப்படித்தானாம். கூட்டாளிகளோடு போகும் நாளில்கூட அவர்களை முன்னால் போகச் சொல்லிவிட்டு நிற்பாராம். இதை அவர் சொல்ல நான் விட்டதே இல்லை.

இப்போதும் தினமும் போகிறார், வந்து சொல்கிறார். என் முதுகு இந்த ஜென்மத்தில் சைக்கிளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். கேட்பதும் போவதும் ஒன்றல்ல, அந்த ஏக்கம் எனக்குத் தீரவில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மணி ஆறு ஆகப்போகிறது. இந்நேரம் மதகுப் பக்கம் நின்றுகொண்டிருப்பார்.