இன்ஸ்பெக்‌ஷன் அன்று நூர்ஜஹான் வந்தாள்

இன்ஸ்பெக்‌ஷன் என்றால் அப்போது எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் ஒரு வேலை நடக்கும். மக்கு என்று பேர் வாங்கிய பிள்ளைகளை முந்தின நாளே, "நாளைக்கு வராதீங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். நானும் ரெண்டு வருஷம் அனுப்பியிருக்கிறேன். வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

அறுபதுகளின் நடுவில் மேல்பட்டாம்பாக்கத்தில் மூணாம் வகுப்பு டீச்சராக இருந்தேன். அந்த வகுப்பில் நூர்ஜஹான் என்று ஒரு பெண். ஐம்பது பிள்ளைகள் சேர்ந்து வாய்ப்பாடு கத்தினால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள், சுவரில் தலையை முட்டிக்கொள்வாள். இன்றைக்கு அதற்கு என்னென்னமோ பேர் சொல்கிறார்கள். அன்றைக்கு ஒரே பேர்தான், கிறுக்கு. முதல் மாதம் நானும் பிரம்பை எடுத்தேன். அடிக்க அடிக்க அலறல் ஜாஸ்தியானது. அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. கத்துவது நாங்கள், அடி வாங்குவது அவளா?

கோரஸை நிறுத்தினேன். புளியங்கொட்டையை வரிசையாக அடுக்கி வாய்ப்பாடு படிக்க வைத்தேன். அலமாரியை இழுத்துத் திருப்பிப் போட்டு, அதன் பின்னால் அவளுக்கு ஒரு பாயும் ஒரு டப்பா கொட்டையும் வைத்தேன். தாங்க முடியாதபோது போவாள், தெளிந்ததும் வருவாள். யாரையும் கேட்க வேண்டாம். மூணே மாதத்தில் அலறல் நின்றது. மற்ற பிள்ளைகளுக்கும் கணக்கு ஏறியது.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு முதல் நாள் ஹெட்மாஸ்டர் வந்தார்.

"அந்தப் பொண்ண நாளைக்கு வர வேணாம்னு சொல்லிடுங்க டீச்சர். அலமாரியும் பழைய எடத்துக்குப் போவட்டும்."

"அவ வருவா சார். அலமாரியும் அங்கதான் இருக்கும்."

"என் தலையில்ல உருளும்!"

மறுநாள் டெபுடி இன்ஸ்பெக்டர் உள்ளே வந்ததும், "எங்க, எல்லாரும் சேந்து ஏழாம் வாய்ப்பாடு சொல்லுங்க பாக்கலாம்" என்றார். பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"இந்தக் கிளாஸ்ல கத்தறது இல்ல சார். அடுக்கிக் காட்டுவாங்க" என்றேன்.

அவருக்கு முகம் சுண்டிவிட்டது. பிரம்பால் மேஜையைப் பளாரென்று தட்டினார். நூர்ஜஹான் காதைப் பொத்திக்கொண்டு அலமாரிக்குப் பின்னால் ஓடினாள்.

"இது பள்ளிக்கூடமா, ஆஸ்பத்திரியா? அந்தப் பொண்ணு பேர ரிஜிஸ்டர்லேருந்து அடிங்க!"

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. ரிஜிஸ்டரையும் பேனாவையும் அவர் முன்னால் வைத்தேன்.

"நீங்களே அடிங்க சார். எதுக்குன்னு எழுதி கையெழுத்தும் போடுங்க. படிப்பு வரலன்னு மட்டும் எழுத முடியாது. அலமாரிக்குப் பின்னால போயி பாத்துட்டு எழுதுங்க."

போனார். அவர் கேட்ட ஏழாம் வாய்ப்பாட்டைத்தான் அவள் ஏழேழாகப் பாயில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. திரும்பி வந்தவர் பேனாவைத் தொடவில்லை.

ஆனால் சும்மா விடுவாரா? அடுத்த மாதமே எனக்கு ஒரு மெமோ, பின்னாலேயே சிதம்பரம் பக்கம் மாற்றல். போகட்டும். நூர்ஜஹான் அதே பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது முடித்தாள்.

புதிதாக வேலைக்கு வரும் டீச்சர்களுக்குச் சொல்கிறேன். ஒரு பிள்ளைக்கு உங்கள் வகுப்பு ஒத்துக்கொள்ளவில்லையா? வகுப்பை மாற்றுங்கள். மெமோ வரும், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ரிட்டயர் ஆகும்போது என்னிடம் ஒன்பது இருந்தது. ஒன்றுக்குக்கூட நான் மன்னிப்பு எழுதிக் கொடுக்கவில்லை.