மேசைக்கடியில் பதினைந்து நாள் கடல்

கடல் தண்ணீரின் சூட்டை அளந்து எழுதுவதைவிட மரியாதை கெட்ட உத்தியோகம் அறுபதுகளில் கடலூரில் இருந்ததாகத் தெரியவில்லை. ஒரு வருஷம் பொய்க்கிற மழை மறுவருஷம் ஏன் ஊரையே மூழ்கடிக்கிறது என்று கண்டுபிடிக்க, வருஷக்கணக்கில் ஒரு நாள் விடாமல் அந்தச் சூடு வேண்டுமாம். நான் தற்காலிகம். ஒரு வருஷம் விடாமல் எழுதினால் பர்மனென்ட் என்றிருந்தார்கள். ரிஜிஸ்டரோடு மாரடிக்கிற என் இனத்தாரே, நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

வாளியும் தெர்மாமீட்டரும்

காலையில் சிங்காரத்தின் படகில் முகத்துவாரம் தாண்டிப் போய், வாளியில் மொண்ட கையோடு தெர்மாமீட்டரை விடவேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் வெயிலில் சூடு மாறிவிடும். எனக்கோ அலையைக் கண்டாலே குடல் வாய்க்கு வரும். ஒருநாள் வாந்தியெடுத்து நிமிர்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு அளவைக் குறித்தேன். சிங்காரம் துடுப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "ஜுரம் ஒங்களுக்கா சார், கடலுக்கா?"

சிதம்பரத்து மாமா

மனைவிக்குப் பிரசவம். பதினைந்து நாள் லீவு போட்டு, ஆபீஸ் கிளார்க் தண்டபாணியிடம் காலில் விழாத குறையாக வேலையை ஒப்படைத்துவிட்டு சிதம்பரம் போனேன். மாமனாரின் நெல் கீரப்பாளையத்துக் களத்தில் கிடந்தது. மழை வருமா என்றார்.

"அத மெட்ராஸ்ல சொல்லுவாங்க மாமா. நான் அளக்கறதோட சரி."

என் காதில் விழட்டும் என்றே மாமியாரிடம் சொன்னார்: "மழ வருமான்னுகூடத் தெரியாத ஆளுக்கா பொண்ணக் குடுத்தோம்?"

தண்டபாணியின் குடம்

திரும்பி வந்ததும் சிங்காரம் சொல்லித்தான் தெரிந்தது, பதினைந்து நாளாகப் படகே இறங்கவில்லையென்று. ஆனால் ரிஜிஸ்டரில் ஒரு நாள் விடாமல் எண் இருக்கிறது! தண்டபாணியைக் கேட்டால் மேசைக்கடியில் கையைக் காட்டுகிறார். முதல் நாள் ஒரு குடம் கடல் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, அதிலேயே தினமும் தெர்மாமீட்டரை விட்டிருக்கிறார். மனசாட்சி இருக்கிறதா என்று கத்தினேன். வெற்றிலையை மென்றபடி சொன்னார்: "ஏன் கோவிச்சிக்கறீங்க? அதுவும் கடல் தண்ணிதானே? கெணத்துத் தண்ணியா ஊத்தனேன்?"

சிவப்பு மசி

பேசாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. மாசக் கடைசியில் நான் பர்மனென்ட். இரண்டு நாள் ரிஜிஸ்டரைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். அந்தக் குடத்தை நம்பி மழைக்குக் காரணம் தேடுவார்கள் என்று நினைக்க நினைக்க ஆத்திரம் தாங்கவில்லை. பதினைந்து எண்களையும் சிவப்பு மசியில் அடித்து, 'அளக்கவில்லை' என்று எழுதினேன்.

மாசக் கடைசியில் ரிஜிஸ்டரைச் சரிபார்க்க மெட்ராஸிலிருந்து வந்த அதிகாரியிடம் நடந்ததை முழுக்கச் சொன்னேன். அந்தப் பக்கத்தைத் தடவிப் பார்த்து, நிஜமான வருத்தத்தோடு சொன்னார்: "புஸ்தகத்துலயே ஏத்த எறக்கம் இல்லாம அழகா இருந்தது இந்தப் பக்கம்தானேய்யா, இதப் போயி அடிச்சிட்டீரே."

கடைசியில், தினமும் கடலுக்குப் போய் வாந்தியெடுத்தவனுக்கு இன்னும் ஒரு வருஷம் தற்காலிகம். குடம் வைத்தவர் எப்பவோ பர்மனென்ட்.