மச்சாள் ஊற்றிய தண்ணீர்

"கரைவலை இழுக்கிற வீட்டுப் பெட்டை வேதம் படிப்பிச்சு, ஆரின்ரை பாவம் கழுவுப்படப் போகுது?"

எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் மறைக்கல்வி வகுப்புக்கு என்னை ஆசிரியையாகப் போட்ட அன்று, முன்வரிசையில் இருக்கும் ஒரு பெரியவர் எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னது இது. முல்லைத்தீவுக் கரையில் எங்கள் வீட்டிலிருந்து உயர்தரம் படித்து, யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் நான். அம்மாவுக்குத் தன் பெயரை எழுத மட்டும் தெரியும். பெரியவரின் பேச்சுக்காகவே நான் விழுந்து விழுந்து படித்தேன். பிறப்போடு வரும் சென்மப் பாவம் என்றால் என்ன, ஞானஸ்நானம் அதை எப்படிப் போக்குகிறது என்று எந்தப் பக்கத்திலிருந்து கேட்டாலும் சொல்வேன். வீட்டில் வேதம் பற்றி ஒரு சந்தேகம் வந்தால் என்னைத்தான் கேட்க வேண்டும். அந்தப் பெருமை எனக்குப் பெரிது.

வீட்டில் எனக்கிருந்த மற்ற இடத்தையெல்லாம் மச்சாள் எடுத்துக்கொண்டார். அண்ணாவின் மனைவி. விசுவமடுவில் வயல் செய்யும் சைவக் குடும்பம். கலியாணத்துக்குப் பிறகும் அவர் எங்கள் வேதத்துக்கு மாறவில்லை, யாரும் கட்டாயப்படுத்தவும் இல்லை. ஆனால் வந்த கொஞ்சக் காலத்திலேயே, மீன் குழம்புக்குப் புளி போதுமா என்று அம்மா அவரிடம்தான் கேட்பார். வயல் ஊரில் பிறந்தவரிடம்! அக்கா தலை வாரி இழுக்கவும் அவரைத்தான் கூப்பிடுவார். ஞாயிறு வகுப்புக்காக யாழ்ப்பாணத்திலிருந்து நான் வந்தால், விருந்தாளிக்குப் போடுவது போலக் கதிரை இழுத்துப் போடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன மாரியில் அக்காவுக்கு மாதம் நிறையாமலே வலி வந்துவிட்டது. நான் யாழ்ப்பாணத்தில். செய்தி கேட்டதும் பஸ் ஏறினேன். ஆஸ்பத்திரியில் துணைக்கு ஒருவர்தான் நிற்கலாம் என்றார்களாம், அக்கா மச்சாளைக் கேட்டாராம். அண்ணா இதைத் தொலைபேசியில் சொன்னார். பரந்தன் தாண்டும் வரைக்கும் என் மனதில் ஓடியது அதுதான். பிள்ளை எப்படி இருக்கிறதோ என்ற பயம் அதற்குப் பின்னால்தான் வந்தது.

பஸ் புதுக்குடியிருப்பில் நின்றபோது அண்ணா மறுபடி எடுத்தார். "பிள்ளை எங்களை விட்டுப் போட்டுது" என்று மட்டும் சொன்னார்.

அம்மா ஆஸ்பத்திரி வளவில் நிலத்தில் இருந்தார். உள்ளே அவரை விடவில்லை. என்னைக் கண்டதும், "தண்ணி ஊத்தாமலே போட்டுதடி பிள்ளை. ஃபாதர் வந்து சேரேல்லை" என்றார்.

ஞானஸ்நானம் இல்லாமல் போகும் குழந்தைகளை முன்பு எங்கள் பக்கத்தில் சேமக்காலையின் வேலியோரம் மணி அடிக்காமல் அடக்குவார்கள். இப்போதுள்ள ஃபாதர் அப்படிச் செய்யமாட்டார். ஆனால் அம்மாவின் பயம் அடக்கம் செய்யும் இடத்தைப் பற்றியது அல்ல. சென்மப் பாவத்தோடு போன பிள்ளை ஒருநாளும் ஆண்டவரின் முகத்தைக் காணாது என்று சிறு வயதில் யாரோ அவருக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். எனக்குப் பின் பிறந்த தம்பி, இடம்பெயர்ந்து திரிந்த நாட்களில் அப்படித்தான் போனான். அவனை மணலுக்குள் வைத்துவிட்டு வந்தவர் அம்மா. இப்போது பேரப்பிள்ளையும் அவன் வழியிலா என்று ஏங்கிப்போய் இருந்தார்.

அப்போதுதான் மச்சாள் வெளியே வந்தார். "மாமி, நான் ஊத்தினனான்."

"நீயோ? நீ சைவமெல்லோ பிள்ளை!"

"கனநேரம் தாங்காதெண்டு நேர்ஸ் சொன்னா. ஃபாதரின்ரை போன் பிடிபடேல்லை. அதுதான்..." என்று என்னைப் பார்த்தார். "மச்சாள், நீங்கள் குசினிக்குள்ளை நடந்து நடந்து பாடம் சொல்லிப் பாக்கேக்கை கேட்டனான். அவசரத்துக்கு ஆரும் ஊத்தலாமெண்டு சொன்னீங்கள். பிழையோ மச்சாள்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளைக்கு நான்தான் ஞானத்தாய் என்று அக்கா முன்பே சொல்லியிருந்தார். அதை உயிரோடு கையில் ஏந்தியவர் மச்சாள். சொன்னது என்னுடைய பாடம். எனக்கென்று மிச்சமிருந்த ஒரே இடத்துக்கும் வந்துவிட்டாரே என்று வயிறு எரிந்தது. பிழை பிடிக்க வேண்டும் போல இருந்தது. பரீட்சை வைப்பது போலக் கேட்கத் தொடங்கினேன்.

"என்ன தண்ணி?"

"போத்தல் தண்ணி. அக்கா குடிக்கவெண்டு வாங்கினது."

"எங்கை ஊத்தினீங்கள்?"

"தலையிலை. மூண்டு தரம்."

"என்ன சொன்னீங்கள்?"

சொன்னார். பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று ஒரு சொல் தவறவில்லை. நான் இழுக்கும் இடத்தில் அவரும் இழுத்தார்.

எனக்கு ஒரு கேள்விதான் மிச்சம். "என்ன நினைச்சுக்கொண்டு ஊத்தினீங்கள்?"

"நீங்கள் எல்லாரும் எதுக்கு ஊத்துறியளோ அதுக்குத்தான். பிள்ளை உங்கடை ஆண்டவரிட்டைப் போகோணும்." கொஞ்சம் தயங்கினார். "ஊத்த முதல் எங்கடை வற்றாப்பளை அம்மாளாச்சியையும் ஒருக்காக் கூப்பிட்டனான். அதாலை பழுதாப் போகுமோ?"

"அவவும் துணைக்கு வந்திருப்பா" என்றார் அண்ணா, அழுதுகொண்டே.

சபை எதற்கு ஊற்றுகிறதோ அதே எண்ணம் இருந்தால் போதும், பழுதாகாது. அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதுதான் அந்த நேரத்தில் எனக்குப் பிடிக்கவில்லை.

"சரி அம்மா. பிள்ளை ஞானஸ்நானத்தோடைதான் போயிருக்கு."

"என்ரை குஞ்சு" என்று அம்மா மச்சாளைக் கட்டிப் பிடித்தார். தீர்ப்புச் சொன்ன என்னை ஒருவரும் பார்க்கவில்லை. பிறகு அம்மா தலை நிமிர்த்தினார்.

"அப்ப ஆரும் ஊத்தலாமோ? அண்டைக்கு உன்ரை தம்பிக்கு நானே ஊத்தியிருக்கலாமோ?"

வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கெல்லாம் சொன்னதை, வீட்டில் இருக்கும் அம்மாவுக்குச் சொல்ல ஒருநாளும் தோன்றவில்லை.

"உங்களுக்கு ஒருத்தரும் சொல்லித்தரேல்லை அம்மா. ஆண்டவர் தம்பியைத் தள்ளி வைக்கமாட்டார்."

"புத்தகத்திலை கிடக்கோ, இல்லாட்டி என்னைத் தேத்துறியோ?"

"அவரின்ரை இரக்கத்தை நம்பலாமெண்டு புத்தகத்திலையே கிடக்கு."

"நம்பலாம்" என்று அம்மா தனக்குள் சொல்லிப் பார்த்தார். அதன் பிறகு சாய்ந்ததும் மச்சாளின் தோளில்தான்.

மணி அடித்து, மற்றவர்களோடு ஒரே வரிசையில் பிள்ளையை அடக்கினோம். ஃபாதர் செபம் சொல்லச் சொல்ல, என் கண் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற மச்சாளின் மேலேயே இருந்தது. அவ்வளவு சின்னக் குழிக்கு முன்னாலும் எரிச்சல் அடங்கவில்லை. அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. இந்தக் குணத்தை எனக்கு யாரும் படிப்பிக்கவும் இல்லை. பிறக்கும்போதே நாங்கள் ஒரு கோணலோடு வருகிறோம் என்று இவ்வளவு காலமும் மனப்பாடமாகச் சொன்னது, அந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது.

முன்பெல்லாம் இந்தப் பாடத்துக்கு ஒரு இதயம் வரைந்து, நடுவில் கறுப்புப் புள்ளி வைப்பேன். கழுவாவிட்டால் நரகம் என்று முடிப்பேன். சென்ற ஞாயிறு நான் எதுவும் வரையவில்லை. "ஒருத்தரும் பழக்காமலே உங்களுக்கு வந்த கூடாத குணம் ஆருக்கெல்லாம் இருக்கு?" என்று கேட்டேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதல் கையை நானே உயர்த்தினேன்.

"டீச்சருக்கு என்ன குணம்?" என்றாள் ஒருத்தி.

"எரிச்சல்."

"ஆரிலை டீச்சர்?"

"என்ரை மச்சாளிலை."

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு ஒவ்வொரு கையாக உயர்ந்தது. எரிச்சல் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. ஆனால் அதை எனக்குள் கண்ட பிறகு, ஆண்டவர் எங்களைத் தண்டிக்கவே காத்துக்கொண்டிருக்கிறார் என்று அந்தப் பிள்ளைகளிடம் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.